நீங்கள் ஏறாத முன் சீட்டு

என்னங்க,

இன்றைக்குக் காலையில் கலஹா பஸ்ஸில் என் மானம் கப்பலேறிவிட்டது. கண் கிளினிக்குக்காகப் பேராதனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் நல்ல இடம், மடியில் பை, வெளியே லேசான தூறல். பின் சீட்டில் யாருக்கோ போன் அடித்தது. நாதஸ்வரம். தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊதுவார்களே, அந்தத் துண்டு. ஐயா பேசுகிறார் என்று தெரிவதற்காக உங்கள் போனில் தனியாக வைத்திருந்தீர்களே, அதே சத்தம். அவ்வளவுதான், நான் எழுந்து நின்றுவிட்டேன்! பை கவிழ்ந்து, தண்ணீர்ப் போத்தல் உருண்டு டிரைவரின் காலடிக்கே போய்விட்டது. "இன்னும் பேராதனை வரல்லியே டீச்சர், எங்க எறங்கப் போறீங்க?" என்று கண்டக்டர் கேட்டான்.

என்னத்தைச் சொல்ல? என் புருஷனுக்குச் சட்டை எடுத்துக் கொடுக்க எழுந்தேன் என்றா? அந்த நாதஸ்வரம் ஒலித்தால் நீங்கள் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு எழுவீர்கள். நீங்கள் எழுந்தால் நானும் எழுவேன். சட்டை, செருப்பு, சர்க்கரை மாத்திரை. மண்டை மறந்தாலும் கால் மறக்கவில்லை பாருங்கள்.

உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது, அந்த அழைப்பு இனி நமக்கில்லை. "அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் பயந்துபோய், "ஏன் அம்மா, நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை மகளே, வலி போய்விட்டது என்று சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஐயாவின் கண்ணில் நீங்கள் பட்டது உங்கள் தொண்டையால்தான். அப்போது நீங்கள் கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டக் கந்தோரில் கிளாக்கர். ஐயாவோ நம் பக்கத்துச் சனத்தின் ஓட்டை மொத்தமாகச் சட்டைப்பையில் வைத்திருந்த அரசியல்வாதி. ராஜா என்று போஸ்டரில் போடவில்லை, மற்றபடி ராஜாதான். கலஹா டவுனில் கூட்டம். அவர் பேச ஆரம்பித்ததும் கரண்ட் போனது. மைக் இல்லாமல் அவருடைய குரல் முன்வரிசைக்கே எட்டவில்லை. சனம் கலையப் பார்த்தது. யாரும் கேட்காமலே நீங்கள் மேடைப் படியில் ஏறி நின்று, அவர் சொன்னதைத் திருப்பிக் கத்த ஆரம்பித்தீர்கள். அவர் ஒன்று சொன்னால் நீங்கள் மூன்று சொன்னீர்கள். அவர் ரோடு போட்டுத் தருவோம் என்றார். நீங்களோ, "புள்ளத்தாச்சிய கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு ஓடுன காலம் இதோட முடிஞ்சிச்சி!" என்று முழங்கினீர்கள். கைதட்டு அடங்கவே இல்லை. ஐயா உங்களைத் திரும்பிப் பார்த்ததை நான் பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்தேன். நகைக் கடைக்குள் போன கல்யாணப் பெண் பார்க்கிற பார்வை அது.

அன்றைக்கே உங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் வந்து, "ஐயா என்னய கண்டிக்கே வரச் சொல்றாரு" என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த களையை நம் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. கிளாக்கர் வேலையை விட்டீர்கள். கொஞ்ச நாளில் இணைப்புச் செயலாளர் என்று பெயர்ப்பலகை. கண்டியில் வாடகை வீடு. எனக்கும் டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்தது. எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்று இப்போது பீற்றிக்கொள்ள மாட்டேன். எந்தக் கடைக்குப் போனாலும் கதிரை இழுத்துப் போட்டார்கள். யாருக்குத்தான் கசக்கும்?

ஐயா வீட்டு விறாந்தையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கதிரைகள் வரிசையாகக் கிடக்கும். யாரும் யாருக்கும் சொல்லாமலே எது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். கதவுக்குப் பக்கத்துக் கதிரை ஐயாவுக்கு மிகவும் வேண்டியவருக்கு. அதைவிடப் பெரிய இடம் ஜீப்பின் முன் சீட்டு. ஐயா பின்னால் இருப்பார். அவருக்குப் பிடித்த ஆள் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில், ஐயாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பார். ஐயாவிடம் பேச வேண்டியவர்கள் முதலில் அந்த ஆளிடம் பேச வேண்டும். அந்த ஆள் நீங்கள் ஆனீர்கள். என் கூடப் பிறந்த தம்பியே, "அத்தான் இப்ப நல்ல மூடுல இருக்காரா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு உங்களிடம் வரத் தொடங்கினான்.

உங்களுக்கு முன்னால் அந்தச் சீட்டில் இருந்தவர் சிவசாமியண்ணன். ஐயாவிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் மட்டும் இருந்த காலத்திலிருந்தே கூட இருந்தவர். அவர் இடம் மாறிய நாளை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். தைப்பொங்கலுக்கு ஐயா வீட்டுக்குப் போயிருந்தோம். ஜீப் கிளம்பப் போகிறது. சிவசாமியண்ணன் பழக்கத்தில் முன் கதவின் பிடியில் கை வைத்தார். உள்ளேயிருந்து ஐயா சொன்னார்: "சிவசாமி, நீ பின்னால வேன்ல வா. இவன் இங்க இருக்கட்டும்." அண்ணன் கையை எடுத்தார். எடுத்துவிட்டு, கைலேஞ்சியால் அந்தப் பிடியைத் துடைத்து, கதவை உங்களுக்குத் திறந்து பிடித்தார். நீங்கள் ஏறினீர்கள். அவர் முகத்தைப் பாருங்கள், பாருங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சாயங்காலம் இதைச் சொன்னேன். "முன்னால ஏசி அடிக்குதுடி, வயசான மனுசனுக்கு ஒத்துக்காது" என்றீர்கள். என்ன பரிவு!

அதற்குப் பிறகு வீட்டில் எனக்குப் புருஷன் இல்லை, ஐயாவின் ஆள் ஒருவர் வந்து குளித்துவிட்டுப் போவார். மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிறேன், வாங்கப்பா என்றாள். "அத அப்புறம் பாப்போம், ஞாபகப்படுத்துங்க" என்றீர்கள், விறாந்தையில் மனுக் கொடுக்க வந்தவர்களிடம் சொல்கிற அதே குரலில். பிள்ளை "சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் குசினி அடுப்படியில் நின்று சிரித்தேன், பிறகு அழுதேன். நீங்கள் இரண்டையும் கவனிக்கவில்லை.

எனக்கு வேறொரு பயம்தான் பெரிய பயம். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது, ஐயா சாப்பிடாமல் யாரும் சாப்பிடக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் யாரும் மீறியதில்லை. அவரோ வெயில் சாயும்போதுதான் மத்தியானச் சோற்றைத் தொடுவார். உங்கள் உடம்பிலோ சர்க்கரை. அரசாங்கக் கச்சேரிப் படிக்கட்டில் நீங்கள் மயங்கி விழுந்த அன்றைக்கு, டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவர் நேரத்துக்குச் சாப்பிடணும், இல்லாட்டி நீங்க இவர வச்சிருக்க மாட்டீங்க" என்று நேராகவே சொன்னார். அன்றிலிருந்து என் நினைப்பெல்லாம் ஒன்றுதான். இந்த மனுஷனை அந்தச் சீட்டிலிருந்து உயிரோடு இறக்கி எடுக்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை. நான் சொல்லி நீங்கள் இறங்குகிற ஆளா?

இறக்கியது என் தாய்த் தோட்டத்துச் சனம். அதுவும் உங்கள் மேல் வைத்த பிரியத்தால்!

தெல்தோட்டைக்கு மேலே நான் பிறந்த தோட்டத்தில் மாரியம்மன் தேர். தேர் வடத்தை இழுப்பதற்கு முன்னால், அம்மன் காலடியில் வைத்த பட்டுத் துணியை எடுத்து, வந்திருக்கிற பெரியவரின் தலையில் பூசாரி பரிவட்டமாகக் கட்டுவார். ஒரு தேருக்கு ஒரு தலைதான். அந்த வருடம் அது ஐயாவின் தலை. வழக்கம்போல நீங்கள் மேடை, மைக், மாலை எல்லாம் சரிபார்க்க முன்னாடியே வந்துவிட்டீர்கள், என்னையும் கூட்டிக்கொண்டு. அப்போது பார்த்து மழை. பாதையில் மண் சரிந்து ஐயாவின் வண்டி நின்றுவிட்டது. பூசாரி வானத்தையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ராகு காலம் வருது. அம்மாவ காக்க வைக்க ஏலாது" என்றார்.

தோட்டத் தலைவர் முத்தையா அண்ணன், என் பெரியப்பா மகன், உங்கள் கையைப் பிடித்து இழுத்தார். "மாப்புள்ள, நீங்க வந்து நில்லுங்க. லயத்து வீட்டுக்கெல்லாம் தண்ணிக் கொழாய் கொண்டாந்தது நீங்க. எங்க வீட்டுப் புள்ளய கட்டுனவரு. ஒங்களுக்கு இல்லாத மரியாதையா?"

"ஐயையோ மச்சான், வேணாம். அது ஐயாவுக்கு உள்ளது."

"ஐயா வரட்டும், பெரிய மாலையா போடுவோம். அம்மா பட்ட வேணாம்னு சொல்லலாமா?"

பூசாரி அதற்குள் பட்டை எடுத்துவிட்டார். எடுத்த பட்டை எப்படித் திருப்பி வைப்பது? நீங்கள் தலையைக் குனிந்தீர்கள். பிறந்த வீட்டுச் சனத்தின் நடுவில் என் புருஷன் தலையில் பட்டு ஏறியது. எனக்கு உச்சி குளிர்ந்ததைச் சும்மா மறைக்கவா முடியும்? குலவையில் என் சத்தம்தான் பெரிய சத்தம்.

வடம் பிடித்துத் தேர் நகர்ந்தது. வளைவு திரும்பும்போது எதிரே ஐயாவின் ஜீப். ஒடுங்கிய தோட்டப் பாதை, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். தேர் பின்னால் போகாது. ஜீப்தான் போக வேண்டும். டிரைவர் ரிவர்ஸ் எடுத்தான். ஐயாவின் ஜீப் பின்பக்கமாகவே இறங்க, அதற்கு முகத்துக்கு முகம் பரிவட்டத்தோடு நீங்கள் வடத்தை இழுத்துக்கொண்டு வர, பின்னால் தேர், பறை, தோட்டமே திரண்ட சனம். கண்ணாடிக்குள் ஐயாவின் முகம். பாதை அகலமாகிற இடம் வரும்வரை அப்படியே போனது. அடேயப்பா, அந்தக் காட்சியை எந்த எதிரி யோசித்துச் செய்திருந்தாலும் இவ்வளவு அழகாக அமைந்திருக்காது!

ஜீப் ஒதுங்கியதும் நீங்கள் வடத்தை விட்டுவிட்டு ஓடினீர்கள். ஓடிக்கொண்டே பரிவட்டத்தை அவிழ்க்கப் பார்த்தீர்கள். மழையில் நனைந்த முடிச்சு, இறுகிவிட்டது. ஐயா இறங்கி வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். "இருக்கட்டும்டா. ஒனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். சிரித்தார். கூட்டமும் சிரித்தது. பின்னால் வேனிலிருந்து இறங்கிய சிவசாமியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

திரும்பும்போது ஐயா சொன்னார்: "வடம் இழுத்த கை, வலிக்கும். என் போன ரமேசுகிட்ட குடு." ரமேஷ் ஐயாவின் தங்கச்சி மகன், படித்துவிட்டுப் புதிதாக வந்து சேர்ந்திருந்த பையன். உங்கள் கை வலி தீரவே இல்லை, போன் திரும்பி வரவும் இல்லை. அடுத்த பயணத்தில் முன் சீட்டில் ரமேஷ், நீங்கள் வேனில். பிறகு விறாந்தையில் உங்கள் கதிரையில் யாரோ ஒரு கொன்ட்ராக்டர். பிறகு கூட்டம் நடக்கிற விஷயமே உங்களுக்குப் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்தது. யாரும் ஏசவில்லை, போ என்று சொல்லவில்லை. கடைசியில் ஒரு நாள் வாசல் காவல்காரர், "ஐயா வீட்ல இல்லீங்களே" என்றாராம். ஐயாவின் செருப்பு படியிலேயே கிடந்ததாம். அதை வந்து சொல்லும்போது உங்கள் உதடு கோணிக்கொண்டு போனது.

எனக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் உங்களைப் பார்த்ததும் கையில் எடுத்த தேங்காயைத் திரும்ப வைத்துவிட்டேன். சட்டையைப் போட்டுக்கொண்டு, உங்கள் சொந்தப் போனை மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். மணி அடித்தால் உடனே எடுக்க வேண்டுமாம். குளிக்கப் போனால் போனை என்னிடம் தந்து, குழாயை மெதுவாகத் திறந்து வைத்துக் குளித்தீர்கள். நேரத்துக்குச் சோறு போட்டேன், இறங்கவில்லை. சீட்டிலிருந்து ஆளை இறக்கியாயிற்று, சீட்டை ஆளிடமிருந்து இறக்க முடியவில்லையே என்று பயந்துபோனேன்.

அப்போது நம்மைத் தேடி வந்த ஒரே ஆள் சிவசாமியண்ணன். உங்கள் முன்னால் உட்கார்ந்து, நான் கொடுத்த தேத்தண்ணியை ஆற்றிக் குடித்தார். நீங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி, கொஞ்ச நாளைக்கு கை சும்மா சும்மா பாக்கெட்டுக்கு போகும். எனக்கும் போனிச்சி. பொறகு நின்னுரும்" என்றார்.

"என்னய மன்னிச்சிருங்கண்ணே."

"எதுக்கு? நீங்க வராட்டி நான் இன்னைக்கும் வெயில் சாஞ்ச பொறகுதான் சோறு திம்பேன். இப்ப பன்னெண்டரைக்கே தின்னுட்டு கட்டைய சாச்சிர்றேன், தம்பி."

அன்றைக்கு நீங்கள் சிரித்தீர்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு. நான் அண்ணனை விடவில்லை, இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இரண்டு பேருக்கும் பன்னிரண்டரைக்கே இலை போட்டேன்.

கண்டி வீட்டை விட்டுவிட்டு கலஹாவுக்கே வந்தோம். எனக்குப் பழைய பள்ளிக்கூடம். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஊர் கேட்டது. ஒரு நாள் மேல் தோட்டத்துப் பொம்பிளை ஒருத்தி, தன் மாமியாரைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், சிங்களத்தில் பேச ஆள் இல்லை என்று வந்தாள். நீங்கள் போனீர்கள். மறுநாள் இன்னொருவர். பிறகு அதுவே உங்கள் வேலை ஆனது. காலைப் பஸ்ஸில் யாரையாவது கூட்டிக்கொண்டு போவீர்கள், டொக்டரிடம் அவர்களுக்காகப் பேசுவீர்கள், மருந்து வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவீர்கள். ஒருவர் ஒன்று சொன்னால் மூன்று சொல்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. தலைவலி என்று வந்த கிழவிக்கு நீங்கள் சிங்களத்தில் சொன்ன விளக்கத்தைக் கேட்டு, வார்டில் கட்டிலே கொடுத்துவிட்டார்களாம்!

போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைப்பது நின்றது. பிறகு அதை எங்கே வைத்தோம் என்று தேடுகிற அளவுக்கு ஆனீர்கள். மகளோடு சண்டை போட்டீர்கள், என் சாம்பாரில் குறை சொன்னீர்கள். அப்பாடா, புருஷன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் தேர்தல் வந்தது. ரமேஷின் பேச்சுக்குச் சனம் கொட்டாவி விடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஐயாவே உங்களைக் கூப்பிட வரப்போகிறாராம் என்று முத்தையா அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் அலுமாரியைத் திறந்து பழைய வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினீர்கள். "இந்தா பாருங்க, அந்த வண்டியில திரும்ப ஏறினீங்கன்னா நான் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்க தம்பி வீட்டுக்கு போயிருவேன். ஒங்கள பொணமா வாங்கிக்க எனக்கு தெம்பு இல்ல" என்றேன். நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. நீங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானைப் பூட்டினீர்கள்.

ஜீப் வந்து நின்றது. ஐயா இறங்கினார். எவ்வளவு பெரிய மனிதர் நம் வாசலில்! அக்கம்பக்கம் முழுக்க வேலியோரம். ரமேஷ் முன் சீட்டிலிருந்து இறங்கி, கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். கல்யாண வீட்டில் இடம் மாற்றி உட்கார வைத்த பிள்ளை மாதிரி நின்றான், பாவம்.

"என்னடா, கோவமா? வா, ஏறு. ஒன் எடம் அப்படியேதான் இருக்கு" என்றார் ஐயா.

நீங்கள் நடந்தீர்கள். கதவுவரைக்கும் போனீர்கள். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தீர்கள். குசினி ஜன்னலில் நின்ற எனக்கு உயிரே இல்லை. வைத்த காலை நீங்கள் மெதுவாக எடுத்தீர்கள். கதவை நீங்களே சாத்தினீர்கள், சத்தமில்லாமல். "ஐயா, உள்ள வாங்க. சாப்பாட்டு நேரமாச்சி, சாப்பிட்டுட்டு போங்க" என்றீர்கள்.

ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். வண்டி போனது. நீங்கள் குசினிக்கு வந்து, "என்ன கறி?" என்று கேட்டீர்கள். "பூசணிக்கா" என்றேன். அன்றைக்கு என்னமோ அந்தப் பூசணிக்காயைக் குறை சொல்லாமல் தின்றீர்கள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஐயா தோற்றார். விறாந்தைக் கதிரைகள் காலியாயின, சனம் கோபமாக இருந்த காலத்தில் அந்த ஜீப்பின் கண்ணாடி உடைந்தது. ரமேஷ் இன்றைக்கும் விசாரணை, விசாரணை என்று ஏறி இறங்குகிறானாம். முன் சீட்டில் இருந்தவன் கையில்தானே போன் இருந்தது, அவனைத்தானே கேட்பார்கள்? அதைக் கேள்விப்படும் போதெல்லாம் எனக்கு நெஞ்சில் கை போகும்.

ஆனால் ஒரு முள் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அது உங்களுக்குத் தெரியாது. சில நாள் சாயங்காலம் நீங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பீர்கள். எங்கேயாவது கூட்டச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவீர்கள். அப்போதெல்லாம் எனக்கு இதே நினைப்புதான். என் மிரட்டலுக்காகத்தான் இவர் காலை எடுத்துவிட்டார். நான் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று இவருடைய சந்தோஷத்தைப் பிடுங்கிவிட்டேனோ? அந்தப் பெருமூச்சுக்கு நான்தான் காரணமோ? கேட்கப் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

கடைசியில், பேராதனையில் நீங்கள் படுத்திருந்த போதுதான் கேட்டேன். எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு போன அதே வார்டு. நர்ஸ்மார் எல்லாரும் உங்களைத் தமிழில் அண்ணே, சிங்களத்தில் ஐயே என்று பெயர் சொல்லாமல் சொந்தம் கொண்டாடினார்கள். சாயங்காலப் பார்வை நேரம். கஞ்சியை ஊட்டிக்கொண்டே, "என்னங்க, அன்னைக்கு நீங்க வண்டியில ஏறாதது எனக்காகத்தானே?" என்றேன்.

நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். "ஒனக்காகவா? இத்தன வருசமும் அப்படியா நெனச்சிக்கிட்டு இருந்த?" என்று சிரிக்கத் தொடங்கி இருமிய இருமலில், பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"பின்ன?"

"நீ சொன்னது காதுலயே விழல்ல. ஏறத்தான் போனேன். கால வச்சிட்டேன். சீட்ட பாத்தேன். அதுல இருந்த அத்தன வருசமும் நான் ஒரு தடவகூட சாஞ்சி ஒக்காந்ததில்லடி. நுனியிலயே ஒக்காந்திருந்தேன், பின்னாலயிருந்து ஐயா எப்ப கூப்புடுவாருன்னு. முதுகு படாத சீட்டு. அது ஞாபகம் வந்திச்சி. ஒடனே முதுகு வலிச்சிச்சி பாரு, அப்படி ஒரு வலி. போடா மயிருன்னு எறங்கிட்டேன்."

"அப்ப ரோட்ட பாத்து பெருமூச்சு விடுவீங்களே?"

"அது வாயுடி, சர்க்கர வியாதிக்காரனுக்கு நீ ராத்திரியில கடலப்பருப்பு போட்டா வேற என்ன வரும்?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. எனக்காக அவ்வளவு பெரிய இடத்தை விட்ட மனுஷன் என்று, எத்தனை வருடம் உங்கள் நொட்டை நொள்ளையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்! உங்கள் சட்டையைத் தேய்க்கும்போதும் அந்த நன்றி, மீனில் நடுத்துண்டை எடுத்து வைக்கும்போதும் அந்த நன்றி. "அடப்பாவி மனுசா, அந்த மீனெல்லாம் திருப்பித் தாங்க" என்று சொல்லிவிட்டு, கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி நடைபாதையில் சனம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் இறங்கியது. அதற்குக் கீழே வேறு என்னமோ இருந்தது. என் உடம்பு முழுவதும் லேசாகி, நான் அழுதுகொண்டிருந்தேன்.

நான் உங்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. நீங்களாகத்தான் இறங்கி வந்தீர்கள். நம் வீட்டில் நீங்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்த அத்தனை சாயங்காலமும், அது உங்களுக்குப் பிடித்துத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நீங்கள் போய்விட்டீர்கள். அந்தத் துக்கம் பெரிய துக்கம்தான், அதை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் என்னிடம் இருப்பது வெறும் துக்கம் மட்டும்தான், அதோடு அந்தப் பழைய முள் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அதனால்தான் உங்களை நினைத்து அழும்போதுகூட எனக்கு மூச்சு முட்டுவதில்லை.